இரண்டாவது தொடுகை

கைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுகைதான் கணக்கு. முதலாவது, எதிரணி அனுப்பிய பந்தைத் தரையில் விழாமல் காப்பதற்கு. மூன்றாவது, அதை எதிரணியின் தரையில் இறக்குவதற்கு. இடையில் உள்ள இரண்டாவது தொடுகையைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் எடுத்துக்கொள்கிறார். அவர் செட்டர். ஆட்டம் முழுக்க மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பந்தைத் தொடுகிறவர் அவர்தான். புள்ளி விழும்போது கூட்டம் கத்துவதோ பந்தை அடித்தவரின் பெயரை.

1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. அந்த அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் முதலில் வருவது ஜிம்மி ஜார்ஜின் பெயர். வரவேண்டிய பெயர்தான். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரிலிருந்து கிளம்பி இத்தாலியின் கிளப் ஆட்டம் வரை போனவர். 1987 நவம்பரில் அங்கேயே கார் விபத்தில் இறந்துபோனார். வலைக்கு மேலே அந்தரத்தில் நின்று அவர் அடித்த பந்துகளை நேரில் கண்டவர்கள் மணிக்கணக்கில் வர்ணிப்பார்கள். அந்த உயரத்தில், அந்தக் கணத்தில், அந்தப் பந்தைக் கொண்டுபோய் வைத்த விரல்களைப் பற்றிய வர்ணனை மிகக் குறைவு.

பயிற்சியாளர்கள் அந்த விரல்களுக்குச் சொந்தக்காரரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவரிடம் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால் மெல்லிய கை, வேகமான கால், பதறாத மனம் என்று பதில் வரும். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. விசில் ஊதிய பிறகு ஆட்டம் பயிற்சியாளரின் கையில் இல்லை. ஒரு செட்டுக்கு அவருக்குக் கிடைப்பது 2 டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 வினாடி. மீதி நேரமெல்லாம் அவருடைய ஆட்டத்தை வேறொருவர்தான் முடிவு செய்கிறார், அதுவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். ஆகவே செட்டரைத் தேடும் பயிற்சியாளர் உண்மையில் தேடுவது, தன் ஆட்டத்தை யாரிடம் விட்டுக்கொடுக்கலாம் என்பதை. தான் நினைத்ததையே செய்கிற ஆள் அதற்குப் போதாது. தான் நினைக்காததைச் செய்யும்போதும், செய்து தோற்கும்போதும், மறுபடி அவனையே நம்பத் தோன்ற வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டி, தவளக்குப்பம் சந்திப்பில் கிழக்கே திரும்பினால் பூரணாங்குப்பம். தென்னந்தோப்புகள், அவற்றைத் தாண்டினால் கடல். இந்தக் கரையோரத்தில் கைப்பந்து வெளியூர் விளையாட்டாகத் தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் உண்டாக்கிய ஆட்டம் இது. பந்தைத் தூக்கிக் கொடுத்து அடிக்கும் முறை 1916 வாக்கில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் உருவானது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன ஆசிரியர்கள் வழியாக இத்தகைய ஆட்டங்கள் தமிழ்நாட்டுப் பள்ளித் திடல்களுக்குப் பரவின. கடலோர ஊர்கள் இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் எளிது. இரண்டு சவுக்குக் கம்பு, ஒரு வலை, ஒரு பந்து, விழுந்தால் அடிபடாத மணல். வேறு செலவில்லை.

மின்னொளி கைப்பந்துப் போட்டி என்று சுவரொட்டி ஒட்டி, இரவெல்லாம் நடக்கும் ஆட்டங்களில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் காணலாம். செட் முடிந்து அணிகள் பக்கம் மாறும். வியர்வையோடு வருகிற பையனைப் பயிற்சியாளர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போவார். அடித்தவனை அழைத்துப் போக மாட்டார், பந்தைப் போட்டவனைத்தான்.

“ஏண்டா, கடைசி மூணு பந்தும் அவனுக்கே போட்ட?”

“அவன்தான் சார் கேட்டான்.”

“கேக்கறவனுக்கெல்லாம் போட்டா அப்புறம் நீ எதுக்குடா?”

பி.டி. சார்கள் பல ஊர்களிலும் பல விதமாகச் சொல்லிவருகிற இந்தப் பேச்சில் செட்டர் வேலையின் சாரம் அடங்கியிருக்கிறது. கேட்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். கேட்காமல், சோர்ந்துபோய்ப் பின்னால் நிற்கிற ஒருவனுக்கு இப்போது பந்து போனால் எதிரே தடுப்பதற்கு ஆளே இருக்காது என்பதைக் கண்டுகொள்ள வேண்டியவன் செட்டர். பந்தியில் பரிமாறுகிறவரின் வேலை இது. குரல் கொடுக்கிற இலைக்குப் போவது யாராலும் ஆகும். எந்த இலையில் என்ன தீர்ந்திருக்கிறது என்று நடந்தபடியே பார்த்து வைத்துக்கொள்வது சிலருக்குத்தான் வரும்.

கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். நெற்றிக்கு மேலே இரண்டு கட்டைவிரலும் இரண்டு சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு முக்கோணம் போல விரிய வேண்டும். பந்து உள்ளங்கையைத் தொடக் கூடாது. விரல்களில் இறங்கி அதே நொடியில் வெளியேற வேண்டும். சரியாகப் போட்ட பந்துக்குச் சத்தம் இருக்காது, சுழற்சியும் இருக்காது. பந்தின் தையல் கோடு சுற்றாமல் அப்படியே மிதந்து போகும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொடாவிட்டால் சுழல் விழும், நடுவர் விசில் ஊதிவிடுவார். அனுபவமுள்ளவர்கள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டே, காதை வைத்து ஒரு பையனின் கையை எடைபோட்டுவிடுவார்கள். அதைவிடக் காலைத்தான் அதிகம் கவனிப்பார்கள். பந்துக்கு அடியில் போய் நின்ற பிறகுதான் கைக்கு வேலை. சோம்பேறிக் காலோடு அழகான கை இருந்து பயனில்லை.

கண் கொஞ்சம் சிக்கலான விஷயம். கனடாவின் ஆய்வாளர்கள் ஃபிரான் அலார்டும் ஜேனட் ஸ்டார்க்ஸும் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கைப்பந்து ஆட்டக் காட்சிகளை ஒரு நொடியின் சிறு பின்னம் மட்டும் திரையில் காட்டி, படத்தில் பந்து இருந்ததா இல்லையா என்று கேட்டார்கள். ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட வேகமாகப் பதில் சொன்னார்கள். பார்க்கும் திறனைப் பழக்கத்தால் கூர்மையாக்க முடியும் என்று காட்டிய தொடக்ககால ஆய்வுகளில் அது ஒன்று. பயிற்சியாளர்கள் இதற்கு ஆய்வுக்கூடம் இல்லாமலே வழி வைத்திருக்கிறார்கள். பந்தை மேலே எறிந்துவிட்டு, அது இறங்குவதற்குள் வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் விரல்களைக் காட்டுவார். எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பையன் பந்தைப் போட வேண்டும். முதல் நாள் ஒன்று எண்ணிக்கை தப்பும், இல்லாவிட்டால் பந்து தப்பும். கொஞ்ச நாளில் இரண்டும் கூடிவரும். பந்தைப் பார்த்துக்கொண்டே வலைக்கு அப்பால் தடுப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டியவனுக்கு இதுதான் அரிச்சுவடி.

தான் பார்ப்பதோடு, தன்னைப் பார்க்கிறவர்களுக்கு எதையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கவும் வேண்டும். முன்பக்கம் போடப் போகிறானா, முதுகுக்குப் பின்னால் போடப் போகிறானா என்பது தோளின் சரிவிலேயே தெரிந்துவிட்டால் எதிரே இரண்டு தடுப்பாளர்கள் தயாராக நிற்பார்கள். அதனால் பந்து கைக்கு வரும் கடைசிக் கணத்தில் “பின்னே!” என்று கத்தி, அதுவரை எந்தப் பக்கமும் சாயாத உடம்போடு நிற்கப் பழக்குகிறார்கள்.

இவ்வளவும் நன்றாக வந்த பந்துக்கு. செட்டரை உண்மையில் தீர்மானிப்பது மோசமாக வந்த பந்து.

உலகத்தரமான ஆண்கள் ஆட்டத்தில் தாவி அடிக்கும் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். அதை எதிர்கொள்கிறவர் பந்தை எப்போதும் அழகாக நடுவலைக்குக் கொண்டுவந்து தர முடியாது. பந்து பக்கவாட்டில் தெறிக்கும், பின்கோட்டுக்கு அப்பால் போகும். செட்டர் ஓட வேண்டும். ஓடிப்போய் எடுத்த பந்தை அடிக்கத் தகுந்த பந்தாக மாற்ற வேண்டும். பயிற்சியாளர் அந்த ஓட்டத்தில் பந்தைவிட முகத்தைப் பார்ப்பார். பந்தைத் தவறவிட்ட தோழனை நோக்கி உதடு கோணுகிறதா, கை விரிகிறதா? ஒரு முறை கை விரித்துக் காட்டிவிட்டால் அடுத்த சர்வீஸில் அந்தத் தோழனின் கை இன்னும் நடுங்கும். மோசமான பந்தை எடுத்துச் சீராக்கிக் கொடுத்துவிட்டு எதுவும் நடக்காதது போலத் தன் இடத்துக்குத் திரும்புகிற பையன் கிடைத்தால் மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அதேபோல, அடிக்கிறவன் தடுக்கப்பட்டு முகம் சிவந்து நிற்கும்போது அடுத்த பந்தையும் அவனுக்கே போடுவதா வேண்டாமா என்ற கேள்வி. போடாவிட்டால் அவன் அந்த ஆட்டத்துக்கு மனதளவில் இல்லாமல் போய்விடலாம். போட்டு மறுபடி தடுக்கப்பட்டால் செட்டே போய்விடலாம். இதற்கு விதி கிடையாது. யாரை உடனே தட்டிக்கொடுக்க வேண்டும், யாரைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்று தெரிந்திருக்க, ஒன்றாகப் பயிற்சி செய்வதோடு ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பயணம் போயிருக்க வேண்டும். ஒரு நல்ல செட்டர் தன் அணியைப் பற்றி வைத்திருக்கும் அறிவில் பாதி மனிதர்களைப் பற்றியது.

ஜப்பானியப் பயிற்சியாளர் யாசுதாகா மாட்சுதைராவுக்கு இது தெரிந்திருந்தது. 1964 டோக்கியோவில் வெண்கலம், 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம் என்று ஜப்பான் ஆண்கள் அணி ஏறிய கதை அவர் பெயரோடு சேர்ந்தது. உயரத்திலும் உடல் வலுவிலும் கிழக்கு ஐரோப்பியர்களுக்கு ஈடு கொடுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அவர் வேகத்தையும் ஏமாற்றையும் கட்டினார். ஒருவர் அடிப்பது போலத் தாவுவார், பந்து அவரைத் தாண்டிப் போய் அடுத்தவர் கைக்குச் சேரும். தடுப்பவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது இவர் ஏறிக்கொண்டிருப்பார். காகிதத்தில் வரைவது எளிது. ஒரே கணத்தில் மூன்று பேர் மூன்று உயரத்துக்கு ஓடிவர, அவர்களில் ஒருவருக்கு மட்டும் பந்தைச் சேர்க்க வேண்டிய இரண்டு கைகள் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் காகிதத்தோடு சரி.

அந்தக் கைகள் கட்சுதோஷி நெகோதாவுடையவை. 1964 முதல் 1976 வரை 4 ஒலிம்பிக் ஆடியவர். மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்த ஜப்பான் அடுத்த மூன்றையும் வென்றது. இறுதியில் கிழக்கு ஜெர்மனியை வீழ்த்தியது. இரண்டு செட் பின்தங்கிய நேரத்தில் வேகமான, ஆபத்தான பந்துகளைக் கைவிட்டு, உயரமாகத் தூக்கிப் போடும் பத்திரமான ஆட்டத்துக்கு ஒதுங்கத்தான் எந்த செட்டருக்கும் மனம் வரும். அப்படி ஒதுங்காமல் நிற்கிற ஒருவரைப் பல ஆண்டுகள் முன்பே அடையாளம் கண்டு, தோல்விகளினூடே கூடவே வைத்திருந்ததுதான் மாட்சுதைராவின் பெரிய தேர்வு என்று தோன்றுகிறது. நெகோதா 1983இல், 39 வயதில், புற்றுநோயால் இறந்தார். ஹிரோஷிமாவில் அவர் பெயரில் ஒரு விளையாட்டு அரங்கம் இருக்கிறது. அடிக்கிறவர்களுக்கு எழும்பும் நினைவிடம் தூக்கிக் கொடுத்தவருக்கும் எழும்பியிருக்கிறது என்பது மனதுக்கு நிறைவு தருகிறது.

ஜப்பானிலிருந்தே இன்னொரு பெயர்: யோஷியே தகேஷிதா. உயரம் 159 சென்டிமீட்டர். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 224. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் பெண்கள் அணி தகுதி பெறாமல் போனபோது, இவ்வளவு குள்ளமான செட்டரை வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று பழி அவர் மேல் விழுந்தது. முன்வரிசைக்கு வரும்போது அவரால் தடுக்க முடியாதே என்ற வாதத்தில் நியாயமும் இருந்தது. அவர் ஆட்டத்தை விட்டே விலகினார். பிறகு திரும்பி வந்தார். 2006 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பான் 6ஆம் இடம்தான் பிடித்தது. ஆனால் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தகேஷிதா தேர்வானார். 2012 லண்டனில் ஜப்பான் வெண்கலம் வென்றபோதும் செட்டர் அவர்தான்.

உயரமே வேண்டாம் என்பதற்கு இது சாட்சியில்லை. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் செட்டர் லாய் பால் 2 மீட்டருக்கும் மேல் உயரம். உயரமும் இந்தப் பண்புகளும் சேர்ந்து கிடைத்தால் எந்தப் பயிற்சியாளரும் இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வார். ஆனால் நம் பக்கத்து வழக்கம் வேறு. விளையாட்டு விடுதிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் பிள்ளைகளை எடுக்கும்போது உயரம், தாவல், ஓட்டம் என்று அளவுகோலால் அளக்கக் கூடியவையே முன்னால் வருகின்றன. அளந்து எடுத்த உயரமான பிள்ளைகள் அடிக்கப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பதில் கொஞ்சம் குள்ளமாக, சொன்னதைக் கேட்கிறவனாக ஒருவனைப் பார்த்து “நீ செட்டர் நில்லுடா” என்பது திடல்தோறும் நடப்பது. அணியின் மூளையாக இருக்க வேண்டியவன் எல்லாரையும் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சியவர்களிலிருந்து வருகிறான். இது பெரிய இழப்பு.

இத்தனைக்கும் தமிழ்நாடு நல்ல செட்டர்களைத் தந்துகொண்டே இருக்கிறது. 2023 பிரைம் வாலிபால் லீக்கை வென்ற அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் அணியின் கேப்டன் முத்துசாமி அப்பாவு, செட்டர். அடுத்த ஆண்டு கோப்பையை வென்ற காலிகட் ஹீரோஸ் அணியில் பந்தைப் போட்டவர் மோகன் உக்கிரபாண்டியன். அடுத்தடுத்த இரண்டு ஆண்டு, இரண்டு வெவ்வேறு மாநிலங்களின் நகரப் பெயரைத் தாங்கிய அணிகள், இரண்டிலும் நடுவில் ஒரு தமிழ் செட்டர். இது தற்செயலாக இருக்க முடியாது.

இருவரும் 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குப் போன இந்திய அணியில் இருந்தார்கள். அங்கே தென் கொரியாவோடு நடந்த ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தாலே போதும்: 25–27, 29–27, 25–22, 20–25, 17–15. கொரியா அதற்கு முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணி. தரவரிசையில் இந்தியாவுக்கு வெகு மேலே. முதல் செட்டை இரண்டு புள்ளியில் இழந்து, இரண்டாவதை இரண்டு புள்ளியில் மீட்டு, ஐந்தாவதை மறுபடி இரண்டு புள்ளியில் முடித்தது இந்தியா. அமித் 24 புள்ளி எடுத்தார் என்று மறுநாள் செய்தி வந்தது. எடுத்தவர் பெயர் வர வேண்டியதுதான். ஆனால் 27–27இல், 15–15இல் பந்து காற்றில் இருக்கும்போது, இது அமித்துக்கா, அஷ்வல் ராய்க்கா, வினித்துக்கா என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்துக்கென்று ஸ்கோர் அட்டையில் தனிக் கட்டம் கிடையாது. எதிரணியின் தடுப்பைப் பிரித்து ஒற்றை ஆளாக்கிக் கொடுத்த பந்தும், இரண்டு பேர் சுவராக நிற்கும் இடத்துக்குக் கொடுத்த பந்தும் அடித்தவரின் கணக்கில் ஒரே மாதிரிதான் பதிவாகும். அதனால்தான் செட்டரைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு எண்கள் இல்லை. ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிற கண்கள்தான் வேண்டும்.

விட்டுக்கொடுப்பது பற்றிச் சொன்னேன். அது எவ்வளவு கடினம் என்பதற்குப் பிரேசில் பயிற்சியாளர் பெர்னார்டினோவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அவரே ஒரு காலத்தில் செட்டர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளி வென்ற அணியில் முதல் செட்டர் வில்லியமுக்கு மாற்றாகப் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர். பெஞ்சில் இருந்தபடி இன்னொருவர் போடும் பந்துகளைப் பார்த்துப் பார்த்து, நானாக இருந்தால் எங்கே போட்டிருப்பேன் என்று கணக்குப் போட்டே பயிற்சியாளராக ஆனவர் என்று சொல்லலாம். 2004 ஏதென்ஸில் அவருடைய அணி தங்கம் வென்றபோது செட்டர் ரிக்கார்டினோ. பிரேசிலின் ஆட்டத்தை முன்பு யாரும் காணாத வேகத்துக்கு ஏற்றிய கைகள். 2007 உலக லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்கு வந்தது. அது வந்த சில நாட்களிலேயே, சொந்த நாட்டில் நடக்கவிருந்த பான் அமெரிக்கன் போட்டிக்கு முன்னால், பெர்னார்டினோ அவரை அணியிலிருந்து நீக்கினார். உள்ளே பிணக்கு முற்றியிருந்தது. போதாததற்கு, அணிக்குள் அழைக்கப்பட்ட இளம் செட்டர் புரூனோ, பெர்னார்டினோவின் சொந்த மகன். நாடே கொதித்தது.

யார் பக்கம் நியாயம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கையும் கண்ணும் காலும் உலகிலேயே முதல் தரமாக இருந்த ஒருவரை ஒரு பயிற்சியாளர் வேண்டாம் என்றார் என்றால், அந்த இடத்துக்கு அவர் கேட்டது அவற்றையும் தாண்டிய ஒன்று. இருவருக்கும் நடுவே நம்பிக்கை அறுந்துபோனால் செட்டரின் திறமை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக அது அணியை இரண்டாகப் பிளக்கும். அதற்கான விலையையும் பெர்னார்டினோ கொடுத்தார். 2008இல் வெள்ளி. 2012இல் ரிக்கார்டினோவைத் திரும்ப அழைத்துக்கொண்டு மறுபடி வெள்ளி, அதுவும் இறுதியில் ரஷ்யாவுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலையில் இருந்து தோற்று. 2016இல் ரியோவில்தான் தங்கம் வந்தது. அப்போது அணியின் கேப்டனும் செட்டரும் புரூனோ. மகன் என்ற பழிச்சொல்லை அவர் 9 ஆண்டு சுமந்த பிறகு.

முதல் செட்டரைத் தேடுவதோடு வேலை முடிவதில்லை என்பதை அமெரிக்கப் பெண்கள் அணிக்கு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் காட்டியது. இத்தாலியுடனான ஆட்டத்தின் நடுவில் செட்டர் ஜோர்டின் போல்டரின் கணுக்கால் திரும்பிவிட்டது. அவருக்குப் பதிலாக மிக்கா ஹான்காக் நின்று ஆடி வென்று கொடுத்தார். காலிறுதியில் போல்டர் திரும்பினார், இறுதியில் பிரேசிலை மூன்று நேர் செட்டில் வென்று அமெரிக்கப் பெண்கள் தங்கள் முதல் தங்கத்தைப் பெற்றார்கள். பயிற்சியாளர் கார்ச் கிராலி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டாவது செட்டர் தினமும் அதே ஆட்டத்தை மனதுக்குள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் அணிகளில் இரண்டாவது செட்டர் என்ற ஆளே பெரும்பாலும் இருப்பதில்லை. செட்டருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் போட்டி முடிந்தது.

பூரணாங்குப்பத்திலிருந்து சாலைக்குத் திரும்பித் தெற்கே போனால் கடலூர். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் கால்பந்தின் நடுக்களத்தில் செட்டரின் இதே வேலையைச் செய்கிறவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இல் தேசியப் பெண்கள் கால்பந்துச் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு முதல்முறையாக வென்ற அணியிலும், 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்.சி. அணியிலும், இந்திய அணியிலும் ஆடியவர். 2018 இறுதியாட்டத்தில் தமிழ்நாடு வென்றது மணிப்பூரை, 2–1. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் எப்பேர்ப்பட்ட கோட்டை என்று தெரிந்தவர்களுக்கு அந்த வெற்றியின் எடை புரியும். கால்பந்து நடுக்கள ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது பந்து அவர் காலுக்கு வருவதற்கு முன்னால் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார் என்று எண்ணுகிறார்கள். நார்வேயின் கெய்ர் யோர்டெட் இதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அதிகம் திரும்பிப் பார்க்கிறவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகச் சேர்கின்றன என்று கண்டார். கைப்பந்து செட்டருக்கு அந்த வசதியும் குறைவு. கால்பந்தில் பந்தைக் காலடியில் அணைத்துக்கொண்டு ஒரு நொடி யோசிக்கலாம். இங்கே பந்து கையில் தங்கினாலே தப்பு.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தேர்வு செய்யும்போது அளவுகோலை எடுப்பதற்கு முன்னால் இரண்டு நாள் அவர்களை மும்மூன்று பேராகப் பிரித்து ஆடவிடலாம். மூன்று பேர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. எல்லாருக்கும் இரண்டாவது தொடுகை வந்தே தீரும். அணிகளை மணிக்கொரு முறை கலைத்துக் கலைத்து மாற்ற வேண்டும். எந்தப் பிள்ளை எந்த அணிக்குப் போனாலும் அந்த அணியில் அடிக்கிறவர்கள் திடீரென்று நன்றாக அடிக்கத் தொடங்குகிறார்களோ, அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயரம் பிறகு அளந்துகொள்ளலாம். குறித்துக்கொண்ட பெயர்களில் உயரமானவர்களும் இருப்பார்கள், அவர்களையும் அடிக்க அனுப்பாமல் செட்டராகவே வளர்க்க மனம் வர வேண்டும். பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு பள்ளித் திடல், மூன்று நான்கு பந்து, இரண்டு நாள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற ஓர் ஆசிரியர். இந்தத் தேர்வுக்கு வேறெதுவும் தேவைப்படாது.